பக்கத்து வீட்டு நித்திரைக் குளிசை

பதினைந்து வருடத் தலையிடியை மருந்தே இல்லாமல், வெறும் மனத் தைரியத்தால் அடித்துத் துரத்திய ஆள் நெடுந்தீவில் நான் ஒருவன்தான்.

இதை எழுதியவுடனேயே குசினிக்குள் என் மனிசி சிரித்தாள். அவள் கொப்பியைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொன்னால்தான் என் கை அதை எழுதும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நானும் அதைத் தேடிப் போகவில்லை. ஆகையால் நான் எழுதுகிற எதையும் இந்த வீட்டில் ஒளிக்க முடியாது.

சரி. மேலே எழுதியது பொய். தலையிடியைத் துரத்தியது என் தைரியம் இல்லை, பக்கத்து வீட்டு அக்கா நித்திரை வர விழுங்குகிற குளிசை. அந்தக் குளிசை தலையிடியோடு நிறுத்தியிருந்தால் அதற்கு நான் கற்பூரம் கொளுத்தியிருப்பேன். அது நிறுத்தவில்லை. பன்னிரண்டு வருடமாக நான் பத்திரமாக வைத்திருந்த ஒரு பொய்யையும் வாய் வழியாக வெளியே இழுத்துப் போட்டுவிட்டது. அதன் விளைவு இன்றைக்கு மத்தியானப் படகில் வந்து இறங்கப் போகிறது. நரைத்த மீசையும் தோள்பையுமாக, என் சொந்த அண்ணை.

முதலில் அந்தப் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் எனக்கு நடந்த துரோகத்தின் அளவு உங்களுக்கு விளங்காது.

அண்ணை தெற்கே ஒரு பட்டினத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். எங்கள் தீவுகளில் பல குடும்பங்கள் அப்படிப் போய் வந்தவைதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு நாள், நான் இறங்குதுறையில் நிற்கும்போது தொலைபேசியில் கூப்பிட்டார்.

“தம்பி, கடைக்குப் பின்னாலை ஒரு சின்ன வீடு வாங்கியிருக்கிறன். நீ மனிசியையும் கூட்டிக்கொண்டு வா. அவள் முன் அறையிலை தையல் மிசினைப் போடட்டும். நீ கல்லாவிலை இரு.”

என் மனிசி நன்றாகத் தைப்பாள். ஒரு பட்டினத்தில் கண்ணாடி போட்ட தையல் கடை வைக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ஆனால் எனக்கு அந்தக் கல்லா என்ற சொல்லுக்கு மேலே ஒன்றும் காதில் விழவில்லை. கல்லாவில் இருக்கிறவன் எழுத வேண்டும். அங்கே தமிழ், சிங்களம் என்று இரண்டு மொழியில் எழுத வேண்டும். எனக்கு ஒரு மொழியிலேயே பாதிதான் வரும். அண்ணையின் வேலையாட்கள் முன்னால் என் கையெழுத்து நொண்டிக்கொண்டு போவதை நினைத்துப் பார்த்தேன். என்னைப் போலப் படகில் கயிறு பிடிக்கிறவனுக்கு எழுத்துத் தேவையில்லை. கயிற்றுக்கு வாசிக்கத் தெரியாது.

வேண்டாம் என்று நேராகச் சொல்ல எனக்கு வெட்கம். அதனால் அண்ணைக்குச் சொன்னேன்: “மனிசி வரமாட்டனெண்டு நிக்கிறாள் அண்ணை. உங்கடை வீட்டிலை ஒட்டி இருக்கிறது தனக்கு மரியாதையில்லையாம்.”

வீட்டுக்கு வந்து மனிசிக்குச் சொன்னேன்: “அண்ணையைக் கேட்டுப் பாத்தனான். தங்களுக்கே இடமில்லையாம். பாரமா வந்து நிக்க வேண்டாமாம்.”

படகை இரண்டு பக்கமும் கட்டினால்தான் அது ஆடாமல் நிற்கும். நானும் இரண்டு பக்கமும் கட்டினேன். பன்னிரண்டு வருடம் ஆடாமல் நின்றது. அண்ணையின் மகளின் கலியாணத்துக்கு மனிசி போகவில்லை. ஒருமுறை அண்ணை தீவுக்கு வந்தபோது அவள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே போனாள். அண்ணை அதைக் குடிக்காமல் எழும்பிப் போனார். பிறகு வரவேயில்லை. தையல் மிசின் யன்னலடியிலேயே நின்றது. பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்து இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இனித் தலையிடி.

அது வலது புருவத்துக்குள் குடியிருந்தது. காலமைப் படகு துறையை விட்டுக் கிளம்பி, வெயில் கடலில் பட்டுக் கண்ணில் குத்தத் தொடங்க, உள்ளே இருக்கிறவன் எழும்பி வேலையைத் தொடங்குவான். எஞ்சின் ஒரு சத்தம், அவன் ஒரு சத்தம். ஈரத் துவாயைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்பேன். தூரத்தில் வருகிறவர்கள் துவாயைப் பார்த்தே என்னை அடையாளம் கண்டுபிடிப்பார்கள். தலையிடிக் குளிசையை நான் கச்சான் கடலை மாதிரித்தான் வாயில் போட்டேன். காலமை இரண்டு, மத்தியானம் இரண்டு, கணக்கில் வராதவை சட்டைப் பையில். டொக்டர் ஒருமுறை, “உமக்குத் தலையிடியை விட நித்திரையில்லாததுதான் வருத்தம். நித்திரைக்கு ஒரு குளிசை தரட்டோ?” என்று கேட்டார். நான் கதிரையிலிருந்து துள்ளி எழும்பினேன். “அது விசர் பிடிச்சவைக்குக் குடுக்கிறது டொக்டர். எனக்குத் தலைதான் இடிக்குது, கழறேல்லை.” வெளியே வந்து அதையே ஒரு பகிடியாக்கிப் படகில் இருந்த எல்லோருக்கும் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா அன்றைக்குப் படகில் இருந்தார். புருஷன் செத்ததிலிருந்து அவர் நித்திரைக் குளிசை குடிக்கிறவர். நான் அவரைப் பார்த்துக்கொண்டுதான் அந்தப் பகிடியைச் சொன்னேன். என் வாய் அப்படி.

எங்கள் தீவிலும் ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் சில குளிசைகளுக்கு யாழ்ப்பாணத்துக்குத்தான் போக வேண்டும். அது ஒரு நாள் வேலை. விடியப் படகு, பிறகு பஸ், பிறகு வரிசை, திரும்பப் பஸ், திரும்பப் படகு. அதனால் நடக்க ஏலாதவர்கள் தங்கள் கிளினிக் கொப்பியை யாராவது போகிற ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் அந்த ஆள் நான். ஆறேழு கொப்பிகளை ஒரு சீலைப் பையில் போட்டுக்கொண்டு போய், குளிசைகளை வாங்கிக்கொண்டு வந்து வீடு வீடாகக் கொடுப்பேன். ஒழுங்காக வாசிக்கத் தெரியாதவனிடம் ஊர் தன் உயிரைக் கொடுத்துவிட்டிருந்தது. அதைப் பற்றி ஊரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. முதலெழுத்தைப் பார்த்தும், கொப்பியின் மட்டையைப் பார்த்தும் சமாளித்துவிடுவேன்.

ஒரு சோளகக் காலம், தென்மேல் காற்று அடிக்கிற நேரம். திரும்பி வரும்போது கடல் படகை எடுத்தெடுத்துப் போட்டது. நான் முன்னுக்குக் கயிறோடு நின்றேன். பை என் காலடியில். துறைக்கு வந்து பார்த்தால் பை முழுக்க உப்புத் தண்ணீர். மற்றவர்களின் குளிசைகள் தகட்டில் அடைத்தவை, பயமில்லை. கடதாசி உறையில் இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று என்னுடைய தலையிடிக் குளிசை, மற்றது அக்காவின் நித்திரைக் குளிசை. இரண்டு உறையிலும் மை கரைந்து ஒரே நீலம். குளிசைகளில் மேலே இருந்தவைதான் கொஞ்சம் நனைந்திருந்தன. இந்த முறை எனக்குக் குளிசையை மாற்றி, இரவில் ஒன்று மட்டும் போடத் தருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் என் குளிசை எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியாது. எஞ்சின் மூடிக்கு மேல் இரண்டையும் காய வைத்துவிட்டு யோசித்தேன். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. இடி பெரிது, ஆனால் தலை சின்னது. அக்காவுக்கு உடம்பு பெரியது. குளிசையை மாற்றித் தந்திருக்கிறார்கள் என்று சொல்லிப் பெரியதை அக்காவுக்குக் கொடுத்தேன். சின்னதை நான் எடுத்துக்கொண்டேன்.

சிரிக்காதீர்கள். வேறெப்படி யோசிப்பது? மனிசிக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் வாசிக்க அங்கே எழுத்து இல்லை. பை நனைந்தது என்று சொன்னால் ஊரில் யாரும் பிறகு கொப்பி தரமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிய நேரங்களெல்லாம் பிழையான நேரங்கள்.

அந்தக் கிழமையே, ஏழு நாள் முடிவதற்கு முன்னரே, அதிசயம் நடந்தது. இரவுச் சாப்பாட்டோடு குளிசையைப் போட்டால் விடிய மனிசி உலுப்பித்தான் எழுப்ப வேண்டும். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, படகு கிளம்பி, வெயில் ஏறி, கடல் பளிச்சென்றது. துவாயை நனைத்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உள்ளே இருக்கிறவன் எழும்பவில்லை. மத்தியானம் வரை காத்திருந்தேன். துவாய் காய்ந்துபோனது.

புதுக் குளிசை வேலை செய்கிறது என்று நினைத்திருந்தால் எவ்வளவு நல்லது. ஆனால் அந்தக் கிழமை நான் தற்செயலாகப் படகின் முன்பக்கத்தில் நின்று, மூச்சை இழுத்து விட்டு, “தலையிடியே, நீ ஆர், நான் ஆர்?” என்று ஒருநாள் கேட்டிருந்தேன். அதற்குப் பெருமையைக் கொடுத்துவிட்டேன். சுற்றுலாவுக்கு வந்த சனங்களைப் படகில் இருத்தி வைத்து வகுப்பு எடுத்தேன். “குளிசையெல்லாம் சும்மா. மனசை இறுக்கிப் பிடியுங்கோ. தூரத்தைப் பாருங்கோ.” ஒரு பெண் அதைத் தன் தொலைபேசியில் படம் பிடித்தாள்.

வீட்டில் வேறு விதமான அதிசயங்கள் நடந்தன. ஒரு விடியலில் குசினிக் கதவைத் திறக்க முடியவில்லை. கதவின் கைப்பிடியிலிருந்து கிணற்றடித் தூண் வரைக்கும் கயிறு கட்டியிருந்தது. சாதாரணக் கட்டு இல்லை, படகை இறங்குதுறையில் கட்டுகிற கட்டு. இந்தத் தீவில் அவ்வளவு வடிவாக அதைக் கட்டத் தெரிந்தவர்கள் நாலு பேர். அதில் மூன்று பேருக்கு என் வீட்டுக்கு வர வேலையில்லை.

“கள்ளர்,” என்றேன்.

“ஓம். குசினி மிதந்து போயிடுமெண்டு பயந்த கள்ளர்,” என்றாள் மனிசி.

இன்னொரு நாள் சட்டியிலிருந்த கருவாட்டுக் குழம்பு பாதியாகியிருந்தது. என் கையில் மணம் இருந்தது. பூனை என்று சொன்னேன். மனிசி என் கையையும் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். அவள் பேசாமல் இருந்ததை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

குளிசை மாறி மூன்றாம் கிழமை, நான் படகில் இருந்த நேரம், பக்கத்து வீட்டு அக்கா மனிசியிடம் வந்திருக்கிறார். இதெல்லாம் பின்னர் அக்கா வாயால் கேட்டது.

“எடியே பிள்ளை, மூண்டு கிழமையா எனக்குக் கண்ணோடை கண் மூடேல்லை. ஒரு நன்மைதான், தலையிடியே இல்லை. எனக்கெப்பவடி தலையிடி இருந்தது?”

மனிசி உள்ளே போய் என் உறையை எடுத்து வந்திருக்கிறாள். இரண்டு பேரும் குளிசைகளை மேசையில் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். பழைய நித்திரைக் குளிசை ஒன்று அக்காவின் அலுமாரியில் மிச்சம் இருந்தது. அதையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். விசயம் வெளிச்சம்.

அந்த நேரம் மனிசி என்ன செய்திருக்க வேண்டும்? நான் வீட்டுக்கு வர, “மனுசா, மாறிக் குடிக்கிறீங்கள்” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குளிசைகளை அக்காவோடு மாற்றிக்கொண்டாள். அடுத்த நாளே, “கொப்பி முடிஞ்சுதாம், ஆளை நேரிலை பாக்க வேணுமாம்” என்று என்னை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் என் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், நித்திரை எப்படி என்று கேட்டார். “எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதான் டொக்டர்” என்றேன். சிரித்தார். மனிசி சிரிக்கவில்லை. “கொப்பி எழுத வேணுமாம், நீங்கள் வெளியிலை இருங்கோ” என்றாள். நான் வெளியே வரிசையில் இருந்த சனத்துக்கு மனத் தைரிய வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன்.

உள்ளே அவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். டொக்டருக்குக் கோபம் வந்திருக்கிறது. அடுத்தவரின் நித்திரைக் குளிசையைக் குடித்துவிட்டுப் படகில் கயிறு பிடிக்கிறவன் ஒருநாள் கடலுக்குள்தான் எழும்புவான் என்றாராம். பிறகு, தினம் தினம் தலையிடிக் குளிசை போட்டதே என் தலையிடியை வளர்த்திருக்கலாம் என்றும், ஒழுங்கான நித்திரை கிடைத்ததும் அது அடங்கியிருக்கலாம் என்றும் விளங்கப்படுத்தியிருக்கிறார். வேறொரு நித்திரைக் குளிசை, பாதிப் பாதியாக, கொஞ்ச நாளைக்கு மட்டும் எழுதிக் கொடுத்து, “ஆளுக்குச் சொல்லித்தான் குடுக்க வேணும்” என்றாராம்.

மனிசி “ஓம் டொக்டர்” என்றாளாம்.

வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னது: “இது புதுத் தலையிடிக் குளிசை. பாதிதான்.”

நானும் குடித்தேன். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று குடித்தேன். அந்த நாட்களில் எங்கள் படகோட்டி, அவரையும் அண்ணை என்றுதான் சொல்வேன், என்னைக் கூப்பிட்டு, “இனிக் காலமைப் படகுக்கு நீ வர வேண்டாம். மத்தியானப் படகிலை ரிக்கற் காசுப் பையைப் பிடி” என்றார். உட்கார ஒரு பிளாஸ்டிக் கதிரையும் தந்தார். எனக்குப் பதவி உயர்வு என்று நினைத்துவிட்டேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

இனி வெடித்த கதை.

போன மாதம் ஒரு பின்னேரம். எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் இடையில் கடலில் எடுத்த முருகைக்கல் மதில், இடுப்பளவு. அக்கா ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டு நின்றார். முகம் வாடியிருந்தது.

“என்னக்கா, நித்திரையில்லையோ?”

“இல்லையடா தம்பி.”

“குளிசையை விடுங்கோ அக்கா. மனசை இறுக்கிப் பிடியுங்கோ. என்னைப் பாருங்கோ, பதினைஞ்சு வருசத் தலையிடி. குளிசையாலையோ போனது?”

அக்கா கையிலிருந்த குழையைக் கீழே போட்டார். “என்ரை குளிசையை மூண்டு கிழமை திண்டு நித்திரை கொண்ட ஆள் எனக்குப் புத்தி சொல்ல வந்திட்டுது!”

“என்னக்கா சொல்லுறீங்கள்?”

“ஓமடா! இப்பவும் நித்திரைக் குளிசைதான் திண்ணுறாய். விசர்க் குளிசை எண்டு படகிலை வைச்சு என்னைப் பகிடி பண்ணினியே, அதேதான்! திண்டுபோட்டுக் கிடந்து கதைக்கிறதுக்கு அளவு கணக்கில்லை. இஞ்சை வரைக்கும் கேக்குது.”

“என்ன கதைக்கிறன்?”

அக்கா அந்த இடத்தில் நின்றுவிட்டார். அவருடைய கோபம் இறங்கியது எனக்குக் கோபத்தை விடப் பயமாக இருந்தது.

“அதைப் போய் உன்ரை மனிசியிட்டைக் கேள்,” என்றார்.

நான் சும்மா விடுவேனா? நச்சரித்து நச்சரித்து மதிலடியிலேயே குளிசைக் கதை முழுவதையும் கறந்தேன். நான் என்ன கதைத்தேன் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

நான் நேரே வீட்டுக்குப் போகவில்லை. துறைக்குப் போனேன். படகோட்டி அண்ணை எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணை, நான் குடிக்கிறது என்ன குளிசையெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

அவர் தலையை எடுக்கவில்லை. “தெரியும்.”

“ரிக்கற் பை?”

“உன்ரை மனிசி வந்து அழுதது. காலமை அவரைக் கயித்திலை விடாதேங்கோ, தூக்கக் கலக்கத்திலை விழுந்திடுவார் எண்டு. நான் என்ன செய்ய?”

“கதிரை?”

“அது அவள் வீட்டிலையிருந்து கொண்டுவந்தது.”

திரும்பிப் பார்த்தேன். ஓம், எங்கள் வீட்டுக் கதிரைதான். கைப்பிடியில் சூடு பட்ட தழும்பு இருக்கிறது. இரண்டு மாதம் என் சொந்தக் கதிரையில் இருந்துகொண்டு அதைப் பதவி என்று நினைத்திருக்கிறேன். ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. நான் படகில் மனத் தைரியம் பற்றிப் பேசும்போது எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது தூரத்தைப் பார்க்கச் சொன்னதால் இல்லை. சிரிப்பை அடக்க.

எனக்கு அழுகை வந்தது. பகிடிக்காரன் அழுதால் சனம் அதையும் பகிடி என்று நினைக்கும். அதனால் முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மனிசி மிசினில் இருந்தாள். வெள்ளைச் சீருடைத் துணி. நான் வாசலில் நின்றேன்.

“நீர் என்னை ஏமாத்திப் போட்டீர்,” என்றேன்.

மிசின் நிற்கவில்லை. “என்னத்திலை?”

“குளிசையிலை. நித்திரைக் குளிசை எண்டு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா நீங்கள் குடிக்க மாட்டியள்.”

“தலையிடி மாறினாப் பிறகாவது சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா விட்டிடுவியள். விட்டாப் பிறகு கதைக்க மாட்டியள்.”

அப்போதுதான் மிசின் நின்றது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, உங்களை நான் கட்டி இருவத்திரண்டு வருசம். முழிச்சிருக்கிற நேரம் ஒரு உண்மை உங்கடை வாயிலையிருந்து வந்ததில்லை. எல்லாம் பகிடி. குளிசை குடிச்சாப் பிறகு நான் கேக்கிறதுக்கெல்லாம் ஒழுங்கா மறுமொழி வருது. என்ரை சிவப்புக் குடை கடலிலை விழுந்திட்டுதெண்டனீங்களே, அது விழேல்லையாம், பஸ்ஸிலை விட்டதாம்.”

“அது…”

“பேந்து ஒருநாள், ‘அண்ணை, நான் வரேல்லை, எனக்கு எழுதத் தெரியாது, மனிசியிலை பழியைப் போட்டிட்டன்’ எண்டு அழுதனீங்கள். சின்னப் பிள்ளை மாதிரி. நான் உங்கடை தலையைத் தடவிக்கொண்டு ஒவ்வொண்டாக் கேட்டனான். எல்லாத்துக்கும் மறுமொழி சொன்னனீங்கள்.”

என் காலுக்குக் கீழே படகு ஆடியது போலிருந்தது.

“அது களவெல்லோ,” என்றேன். “நித்திரையிலை கிடக்கிறவன்ரை வாயிலையிருந்து எடுக்கிறது களவு.”

“ஓம், களவுதான்,” என்றாள். “பன்ரண்டு வருசம் என்ரை காதுக்குள்ளை நீங்கள் விட்டது என்ன குளிசை? அது மட்டும் எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் தந்தனீங்களோ?”

அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அவள் துணியைத் திரும்ப ஊசிக்குக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு, மிதிக்காமல் இருந்தாள்.

“அந்த மனுசனுக்கு வைச்ச தேத்தண்ணிக்கு நான் சீனி போடேல்லை. வேணுமெண்டுதான் போடேல்லை,” என்றாள். “இதை உங்களுக்குச் சொன்னதுமில்லை.”

அடுத்த நாளே அண்ணைக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அதையும் எனக்குச் சொல்லவில்லை. அண்ணை வருகிற நாளைக் குறித்த பிறகுதான் சொன்னாள்.

எனக்குக் கோபம். யாரில் என்று கேட்டால் எல்லோரிலும். அக்காவில், படகோட்டியில், டொக்டரில், கதிரையில், மனிசியில், எல்லோரையும் விட அந்தச் சின்னக் குளிசையில். நான் உடம்புக்குள் விட்டவனே என்னைக் காட்டிக் கொடுத்தான். இனிக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். நாலு நாள் கழிய உள்ளே இருக்கிறவன் பழைய இடத்தில் திரும்ப எழும்பினான். நான் ஈரத் துவாயைக் கட்டிக்கொண்டு, மனிசிக்குத் தெரிகிற மாதிரி, முற்றத்தில் அங்கும் இங்கும் நடந்தேன்.

அவள் மேசையில் இரண்டு உறைகளை வைத்துவிட்டுப் போனாள். இரண்டிலும் அவளுடைய கையால் பெரிய பெரிய எழுத்து, எனக்காக. நான் இருந்து எழுத்துக் கூட்டினேன். ஒன்றில், “தலையிடிக்கு. கிழமைக்கு ரெண்டுக்கு மேலை இல்லை.” மற்றதில், “நித்திரைக்கு. பாதி. தெரிஞ்சு குடியுங்கோ.” அந்தக் கடைசி இரண்டு சொல்லை வாசிக்கத்தான் அதிக நேரம் எடுத்தது.

நேற்று நான் நித்திரைக் குளிசையைத் தெரிந்தே குடித்தேன். தலையிடிக்காக என்று அவளுக்குச் சொன்னேன். உண்மையில் வேறு ஒரு திட்டம். மன்னிப்புக் கேட்க எனக்கு முழிப்பில் வாய் வராது. நித்திரையில் நன்றாக வரும். நான் கிடக்க, வாய் தன்பாட்டில் கேட்டுவிடும், அவள் தலையைத் தடவுவாள், விடிய எல்லாம் முடிந்திருக்கும்.

விடிய எழும்பினேன். தலை தெளிவாக இருந்தது.

“நான் ஏதும் சொன்னனானோ?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“தெரியாது. நான் நித்திரை.”

“நீரோ? நித்திரையோ?”

“எனக்கு இனிக் கேக்கத் தேவையில்லை,” என்றாள். “சொல்ல இருந்தா முழிச்சிருக்கிற நேரம் சொல்லுங்கோ.”

பாருங்கள், எவ்வளவு பெரிய துரோகம். நான் சொல்ல வேண்டாம் என்ற நாளெல்லாம் காது கொடுத்தவள், சொல்ல வேண்டும் என்று குடித்த அன்றைக்குக் குறட்டை விட்டிருக்கிறாள்.

இப்போது மத்தியானமாகிறது. ரிக்கற் பையை இன்றைக்கு வேறு ஆள் பிடிக்கிறான். குசினியில் மீன் குழம்பு கொதிக்கிற மணம். சீனிப் போத்தலை அவள் வெளியே எடுத்து வைத்திருக்கிறாள். அண்ணை இறங்கியதும் முதல் என்ன சொல்வது என்று மூன்று விதமாக யோசித்து வைத்திருக்கிறேன். அவற்றை எழுதிப் பார்த்தால் எது நல்லது என்று தெரிந்துவிடும். முதலாவது பகிடியோடு தொடங்குகிறது: அண்ணை, கடலிலை உப்புக் கூடிப்போச்சு, அதாலைதான் என்ரை கதையும்

“இஞ்சருங்கோ! அது வேண்டாம்.”

கேட்டுவிட்டாள். இரண்டாவது இப்படி: அண்ணை, அந்தக் காலத்திலை எனக்குத் தலையிடி

“அதுவும் வேண்டாம். படகு தெரியுது. கொப்பியை மூடிப்போட்டு ஓடுங்கோ. இண்டைக்குத் துறையிலை கயித்தை நீங்களே பிடிக்கிறியள் எண்டு படகோட்டியிட்டைச் சொல்லியிருக்கிறன். அவர் காலை வைக்க முதல், உங்கடை வாயாலை அவர் கேக்க வேணும்.”

வாறன், வாறன். மூன்றாவது சின்னன். அண்ணை, நான் உங்களிட்டையும் இவளிட்டையும்